டக் இல்லாத பாவாடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் முதல் பேச்சே சர்க்கரைதான். "ஒனக்கு எவ்வளவு இருக்கு?" "எனக்கு மாத்திரைதான், இன்னும் ஊசிக்குப் போகல." "டாக்டர் ஊசின்னாரு, நான் முடியவே முடியாதுன்னுட்டேன்." இப்படிப் பேசிக்கொண்டே ஜாங்கிரியை இலை ஓரத்துக்குத் தள்ளுகிறீர்கள். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு உங்கள் மேல் பரிதாபமெல்லாம் கிடையாது, பொறாமைதான். நீங்கள் ஐம்பது வயது வரைக்கும் ஆசை தீரத் தின்றுவிட்டு வந்தவர்கள். எனக்கு அது ஆறாம் வகுப்பில் வந்துவிட்டது.

போன வாரம்கூட உங்களில் ஒருத்தி கேட்டாள், "எப்படித்தான் கண்ணை மூடாம தொடையில குத்திக்கிறியோ, ஒனக்கு ரொம்ப தைரியம்டி" என்று. அந்தத் தைரியம் வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. ஊரெல்லாம் தண்ணீராக இருந்தும் எனக்கு மட்டும் தாகம் அடங்கவில்லை. செம்பு செம்பாகக் குடித்தேன். குடித்ததை விட அதிகமாகக் கொல்லைக்கு ஓடினேன். நான் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தின்போது பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். எழுப்பினால் எழவில்லையாம். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே கண் விழித்தபோது ஒரு நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அப்பா மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரத்தில், அவர் என்னிடம் சொன்னார்: "பாப்பா, ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டுடணும். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கொலைப்பசி பசிச்சா, சக்கரை கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒடனே வெல்லமோ சக்கரையோ வாயில போட்டுக்க. யாரு வேணாம்னாலும் கேக்காத."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "சக்கரை வியாதிக்குச் சக்கரையே மருந்தாம். வெல்லம் திங்கறதுக்கு எப்படி வழி பண்றா பாருங்க" என்றாள். அப்பாவும் சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் இருந்த வெல்லம், சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் போய், பத்தாயத்துக்குப் பூட்டும் வந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் தொங்கியது.

எனக்குக் கோதுமை உப்புமா, கோதுமைக் கஞ்சி, மறுபடியும் கோதுமை உப்புமா. நெல்லுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அரிசி கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவுக்குச் சோறு. என் கண்ணில் படக்கூடாது என்று அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார வைத்துப் போடுவார்கள். கண்ணில் படாவிட்டால் என்ன, சோறு வடிக்கும் கஞ்சியின் வாசனைக்குக் கதவா போட முடியும்? கொட்டகையிலிருந்து அவள் ரசம் உறிஞ்சும் சத்தம் வேறு கேட்கும். வேண்டுமென்றே சத்தமாக உறிஞ்சுகிறாள் என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

ஆனால் சோறுகூடப் பெரிதில்லை. என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அக்கா தினமும் திட்டு வாங்கினாள். வாய்க்காலில் இறங்கிப் பாவாடையை வலையாக விரித்துக் கெண்டை பிடித்துச் சேறும் சகதியுமாக வருவாள். அம்மா, "கழுத, பொட்டப்புள்ள செய்யற வேலையாடி இது?" என்று முதுகில் ரெண்டு வைப்பாள். எனக்கு அந்த ரெண்டு கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று உறி மேலிருந்த தயிர்ச்சட்டியை இழுத்துக் கீழே போட்டு உடைத்தேன். அம்மா ஓடி வந்து பார்த்தாள். வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். "போவுது வுடும்மா, காலுல ஓடு குத்திடப் போவுது" என்று என்னைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டாள். அன்று நான் அழுத அழுகைக்குத் தயிர் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அக்காவுக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கும் கிடைக்க வேண்டும். ஏச்சும் அடியும் சேர்த்து.

ஊசிக் கதைக்கு வருகிறேன். இப்போது உங்களில் சிலர் சட்டைப்பையில் பேனா மாதிரி ஊசியைச் செருகிக்கொண்டு போகிறீர்களே, அதெல்லாம் அன்று ஏது? கண்ணாடி சிரிஞ்சு. அதைத் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். ஊசியும் ஒரே ஊசிதான், முனை மழுங்கும் வரைக்கும் அதுவேதான். மருந்துப் புட்டியை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து வைத்திருந்தோம். மூடியைத் திறந்தால் பினாயில் போல ஒரு நெடி வரும். காலையில் என் சிறுநீரில் சில சொட்டை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். நீலமாகவே இருந்தால் வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். செங்கல் நிறத்துக்குப் போனால் அன்று முழுக்க அம்மா என்னைப் பார்க்காமல் பேசுவாள்.

முதலில் கம்பவுண்டர் ஒருவர் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனார். மார்கழியில் அவர் வரத்து குறைந்தது. அப்பாவுக்கு ஊசியைக் கண்டாலே கை உதறும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் அக்காதான் கற்றுக்கொண்டாள். கத்தரிக்காயில் தண்ணீர் ஏற்றிப் பழகினாள். அந்தக் கத்தரிக்காய்கள் எல்லாம் பிறகு குழம்புக்குப் போயின.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் அக்கா ஊசி போடுவதைப் பார்க்கவே வர ஆரம்பித்தார்கள். "இத்தனூண்டு புள்ளைக்கு என்னா தைரியம்! டாக்டருக்குத்தான் படிக்க வைக்கணும்." "தங்கச்சி மேல எவ்வளவு பாசம் பாரேன்." அவள் சிரிஞ்சைத் தூக்கிக் காற்றுக் குமிழைத் தட்டிவிடும்போது ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், சினிமாவில் நடிக்கலாம். மழுங்கின ஊசி ஏறியது என் தொடையில். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். என் தைரியத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் எல்லாரும் "த்சோ" கொட்டினார்கள்.

பொங்கலுக்குத் துணி எடுத்தபோது மட்டும்தான் நான் ஜெயித்தேன். அக்காவுக்கு மலிவான சீட்டித்துணியில் பூப்போட்ட பாவாடை. எனக்கு ஜரிகைக் கரை போட்ட அரக்குப் பட்டு! அக்கா முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குக் கோதுமை உப்புமாகூட ருசித்தது. தெருமுனைத் தையல்காரரிடம் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துப் போனாள். வளரும் பிள்ளைகளின் பாவாடையில் சுற்றிலும் துணியை உள்ளே மடித்து டக் வைத்துத் தைப்பார்கள், நினைவிருக்கிறதா? உயரம் கூடக் கூட ஒவ்வொரு டக்காகப் பிரித்து விடுவார்கள். ஒரே பாவாடை மூன்று நாலு வருஷம் ஓடும். அந்த டக்கைப் பார்த்தே ஒரு பிள்ளை எவ்வளவு வளரும் என்று வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

"பெரியவளுக்கு ரெண்டு டக் வச்சிடுங்க. சின்னவளுக்கு அளவா தச்சிடுங்க" என்றாள் அம்மா.

தையல்காரர் நிமிர்ந்தார். "சின்னதுக்கு டக் வேணாமா? வளர்ற புள்ளையாச்சே. பட்டுத்துணி வேற."

"வேணாங்க. இந்தப் பொங்கலுக்கு அழகா உடுத்திக்கிட்டும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டக் இல்லாமல் மடிப்பு மடிப்பாக விழும் பாவாடை என்று பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஜம்பம் அடித்துக்கொண்டேன். அவள் ஏற்கெனவே பட்டுக்காக எரிந்துகொண்டிருந்தாள்.

"ஒனக்கு எதுக்குடி டக்கு? நீதான் வளரவே மாட்டியாமே. அத்தை வந்திருந்தப்ப அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. இருக்கற வரைக்கும் நல்லதா உடுத்தட்டும், திட்டாதேன்னு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது. "சும்மா சொன்னேன்டி" என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுக் கொல்லைக்குப் போய் வைக்கோல் போர் அடியில் உட்கார்ந்தேன். தயிர்ச்சட்டிக்கு அடி விழாத காரணம் அப்போதுதான் விளங்கியது. சாவு என்றால் பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் பாவாடையில் ரெண்டு டக், எனக்கு ஒன்றுகூட இல்லை. அவள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, சோறு சோறாகத் தின்பாள். நான் பட்டுப்பாவாடையோடு போய்விட வேண்டுமாம். எல்லாரும் சேர்ந்து பேசி முடித்துவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பொங்கலன்று அத்தை குடும்பத்தோடு வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை. காலையில் குளித்ததும் வழக்கம்போல அக்கா எனக்கு ஊசி போட்டாள். அத்தை அவளுக்கு நெட்டி முறித்தாள். ஊசி போட்டதும் எனக்கு உப்புமா வர வேண்டும். அன்று வரவில்லை. வாசலில் புது அடுப்பு கட்டியாகிவிட்டது. பானை பொங்கி, சூரியனுக்குப் படைக்கும் வரைக்கும் வீட்டில் வேறு அடுப்பு மூட்டக்கூடாது, யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றாள் அத்தை. நல்ல நேரம் பார்த்துப் பானை வைக்கவே வெயில் ஏறிவிட்டது. ஊசியை மட்டும் யாரும் நல்ல நேரத்துக்குத் தள்ளி வைக்கவில்லை. ஒரு வேளை கோதுமை உப்புமா தின்னாவிட்டால் என்ன ஆகிவிடும், வியாதிக்கு நல்லதுதானே என்று நினைத்தார்கள்.

பானையைச் சுற்றி மஞ்சள் கொத்து, கரும்பு, வாழையிலை. இலையில் பச்சரிசி, பாசிப்பருப்பு, உடைத்து வைத்த வெல்லம். பத்தாயத்துப் பூட்டு இரண்டு மாதம் கழித்து அன்றுதான் எனக்கு எதிரே திறந்திருந்தது. அக்கா ரெண்டு டக் வைத்த பாவாடையில் அகப்பையோடு நின்றாள். நான் பட்டு கசங்காமல் பாயில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். முதலில் உதடு மரத்தது. பிறகு கை நடுங்கியது. வேர்வை கழுத்தில் வழிந்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. எல்லாருடைய குரலும் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. பசி வயிற்றில் இல்லை, உடம்பு முழுக்க இருந்தது.

"அம்மா, எனக்கு வெல்லம் குடு."

அத்தை திரும்பினாள். "பாத்தியா, வெல்லத்தைக் கண்டதும் கேக்குது. ஐயையோ, புள்ளைக்கு எப்படி வேர்க்குது பாரு! சக்கரை தலைக்கேறிடுச்சு. இன்னொரு ஊசி போடுங்க, ஒடனே போடுங்க!"

அப்பா கரும்புக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு மணல் பானையிலிருந்து மருந்தை எடுக்க உள்ளே ஓடினாள். நான் "ஊசி வேணாம், வெல்லம், வெல்லம்" என்றேன். நாக்கு குழறியது. அத்தை என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அக்கா சிரிஞ்சைத் தூக்கிக் காற்றைத் தட்டிக்கொண்டே வருவது தெரிந்தது. அந்த நிமிஷத்திலும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இதற்கும் இவளுக்குத்தான் பேர் கிடைக்கும்.

அத்தை கையிலிருந்து எப்படி நழுவினேனோ, இலை மேல் விழுந்தேன். கைக்குக் கிடைத்த வெல்லத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். "சாமிக்கு வச்சத எச்சப் பண்ணிட்டாளே!" என்று அத்தை கத்தினாள். அம்மா என் வாய்க்குள் விரலை விட்டாள். "துப்புடி, துப்புடி தாயே, செத்துடுவடி" என்று அழுதுகொண்டே வெல்லத்தைத் தோண்டி எடுக்கப் பார்த்தாள். பெற்ற தாய் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் செய்தாள். நான் அவள் விரலைக் கடித்தேன். ரத்தம் வருமளவுக்குக் கடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டதும் விழுங்கினேன்.

அப்பா அக்காவின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். "கொஞ்சம் இரு. அவ நர்ஸ் என்னமோ சொன்னாங்கன்னு சொன்னாளே" என்றார். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. வேர்வை நின்றது. குரல்கள் பக்கத்தில் வந்தன. நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, சோறு போடுங்க" என்றேன். அதற்குள் பானை யாரும் பார்க்காமலே பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. குலவையிடக்கூட ஆளில்லை என்று அத்தை அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்பவுண்டரை அப்பா சைக்கிளில் போய் அழைத்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வேர்த்தது. "அந்த ரெண்டாவது ஊசி ஏறியிருந்தா புள்ள இந்நேரம் இல்லீங்க. சின்னப்பொண்ணு சொன்னதுதான் சரி." அம்மா துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா சிரிஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. கூப்பிட்டதற்கு, "இனிமே நான் போட மாட்டேன்" என்று அழுகிற குரல் மட்டும் வந்தது.

இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. "இனிமே நானே போட்டுக்கறேன்" என்றேன். கம்பவுண்டர் அளவைக் காட்டினார். சிரிஞ்சைக் கையில் வாங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், அடுத்தவர் குத்துவது வேறு, தானே குத்திக்கொள்வது வேறு. ஊசி தோலுக்கு அருகில் போய் நின்றுவிட்டது. கை நகரவில்லை. தைரியத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. வந்தது அந்த ரெண்டு டக்குதான். அதை நினைத்தேன். குத்தினேன். வலித்தது. மருந்து உள்ளே போனது.

பாராட்டு மழையை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். "பொட்டப்புள்ள தானே குத்திக்குது! இவள எவன் வந்து கட்டுவான்?" என்றாள் அத்தை. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

அதன் பிறகு எல்லாம் ஒரேயடியாக மாறவில்லை. கோதுமை தொடர்ந்தது, ஆனால் கம்பவுண்டர் சொன்னதால் அளந்து ஒரு கரண்டி சோறும் வந்தது. ஊசி போட்டதும் சாப்பாடு வந்தாக வேண்டும் என்று நான் அதிகாரம் செய்தேன். வராவிட்டால் கத்தினேன். செங்கல் நிறம் வந்த நாட்களில் யாரும் பார்க்காமல் அழுதேன், மறுநாள் குத்திக்கொண்டேன். கொதிக்கிற பாத்திரத்தில் சிரிஞ்சு உடைந்து, புதிது வரும் வரைக்கும் பயத்தில் செத்துப் பிழைத்தோம். காய்ச்சலில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் வெல்லக்கட்டி முடிந்துகொண்டு போனேன். அதற்காகக் கூடப்படித்த பிள்ளைகள் என் மேல் பொறாமைப்பட்டார்கள் என்பது தனிக் கதை. அம்மா மட்டும் இன்னமும் என்னைத் திட்டவில்லை. விரல் ஆறிய பிறகும் என்னிடம் குரலைத் தாழ்த்தியே பேசினாள்.

அடுத்த பொங்கல் வந்தது. புதுத்துணிக்கு அந்த வருஷம் வசதி இல்லை. போன வருஷத்துப் பாவாடைகளை அம்மா பெட்டியிலிருந்து எடுத்தாள். அக்காவுடையதில் ஒரு டக்கைப் பிரித்ததும் சரியாக இறங்கியது, பிரித்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு பட்டையாகத் தெரிந்தது. என் பட்டுப்பாவாடையை நான் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். கணுக்காலுக்கு மேலே ஏறி, கெண்டைக்கால் பாதி தெரிந்தது.

அம்மா குனிந்து கரையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தாள். அங்கே பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என் முதுகில் ரெண்டு வைத்தாள். நிஜமான அடி, வலித்தது.

"எரும! இப்படி நெடுநெடுன்னு வளந்து நிக்கிறியேடி! பிரிச்சு வுட எங்கடி இருக்கு துணி? பட்டாச்சே, இப்ப நான் எங்கடி போவேன்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே என்னைத் தரதரவென்று தையல்காரரிடம் இழுத்துப் போனாள், பின்னாலேயே அக்காவும் வந்தாள். தன் புடவை முந்தானையை ஒட்டி ஓர் அகலப் பட்டையைக் கிழித்துக் கொடுத்து, "இதச் சேத்துத் தச்சிடுங்க. அதுலயே டக்கும் வச்சிடுங்க" என்றாள்.

"ரெண்டு போதுமாம்மா?"

"நாலு வைங்க."

"பெரியவளுக்கு?"

"அவளுக்கு எதுக்கு? அவ வளந்தது போதும்."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். முகம் தொங்கி, மூக்கு விடைத்து, கண் கலங்கி நின்றாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருஷமாகத் தினமும் குத்திக்கொண்டேன்.